எட்டாம் கிரேடும் பதிமூன்றாம் சுரமும்

சேலையூரில் சாமுண்டீஸ்வரியின் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். "எட்டாம் கிரேடு டீச்சர் வூடு" என்று கேட்டுப் பாருங்கள், கேம்ப் ரோடு ஆட்டோக்காரர்கள் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். லண்டன்காரர்கள் நடத்தும் பியானோ தேர்வில் எட்டு கிரேடும் முடித்தவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அவள் அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நிலம் கைமாறிய வருஷம், மகள் ஆசைப்பட்டாளே என்று ஒரு கீபோர்டு வாங்கித் தந்தார். "கதிர் அறுத்த கைக்கு பியானோ கேக்குதா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளும் பின்னால் அவளிடமே கற்றுக்கொள்ள வந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி. பூசிய மஞ்சள் மாதிரி அந்தத் திருப்தி அவள் முகத்தில் எப்போதும் லேசாகத் தெரியும்.

கணவன் பாலுவுக்கு கேம்ப் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை. அதே தெருவில் மாடியில் தோத்தாத்ரி சார் நடத்திய இசைப் பள்ளி. பள்ளியில் கீபோர்டுகள் பல இருந்தாலும், உண்மையான மரப் பியானோ ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச் சென்றது. அந்தப் பியானோ இருந்த அறைக்கு "சாமுண்டீஸ்வரி ரூம்" என்றே பெயர் வந்துவிட்டது.

2006 ஜூனில் அந்த அறைக்கு இன்னொருத்தி வந்தாள்.

பெயர் மெஹ்னாஸ். சாமுண்டீஸ்வரியைவிட ஏழெட்டு வயது இளையவள். அப்பாவுக்கு ஷார்ஜாவில் வேலை, அங்கே வளர்ந்தவள். கணவன் வாஜித் நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததும், மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்திருந்தாள். கிரேடு எதுவும் முடித்ததில்லை என்று அவளே சொன்னாள். தோத்தாத்ரி சார் அவளைத் தற்காலிகமாகத்தான் எடுத்தார். சாமுண்டீஸ்வரியும், "பாவம், சின்னப் பசங்களைப் பாத்துக்கட்டும்" என்று பெரிய மனசோடு தலையாட்டினாள்.

முதல் வாரத்திலேயே அது நடந்தது. சாமுண்டீஸ்வரி வீட்டுக்குப் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படியேறி வந்துகொண்டிருந்தாள். பியானோ அறையிலிருந்து "பஸ் வருது" கேட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக அவளே கட்டின மெட்டு அது. ஐந்து விரல், ஐந்து சுரம், கீழே மூன்றே மூன்று கார்டு. கார்டு என்பது இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது; மெட்டு நடந்துபோகத் தரை மாதிரி. அந்த மெட்டை எத்தனை பிள்ளைகள் எத்தனை விதமாகத் தப்பாக வாசித்து அவள் கேட்டிருப்பாள்! பாத்திரம் உருளும் சத்தம் போல அது அவள் காதுக்குப் பழகிப்போயிருந்தது.

ஆனால் இன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. மெட்டை ஏதோ ஒரு குழந்தைதான் வாசித்துக்கொண்டிருந்தது, அதே திக்கல், அதே தட்டல். அடியில் வந்த தரைதான் மாறியிருந்தது. தாம்பரத்தில் பட்டப்பகலில் கிளம்பின பஸ், கடற்கரை ஓரமாக விளக்கு போடுகிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி படியிலேயே நின்றுவிட்டாள். காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகம் வயிற்றுக்கு இறங்கியபோது எரிச்சலாக மாறியிருந்தது. அது அவள் பெற்ற பிள்ளை. அதற்கு யாரோ பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, அவளிடமே கொண்டுவந்து காட்டுவது போல இருந்தது.

உள்ளே போனாள். தோத்தாத்ரி சார் கதவருகில் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"கேட்டேளா சாமுண்டீஸ்வரி? நம்ம 'பஸ் வருது' தான்! என்னமா இழையறது பாருங்கோ!"

மெஹ்னாஸ் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "அக்கா, உங்க மெட்டு ரொம்ப நல்லா இருக்கு. சும்மா ஒரு நைன்த்தும் தர்ட்டீன்த்தும் சேத்தேன். ஜாஸ்ல வர்ற கார்டுதான். வாங்க, காட்டறேன். ரெண்டு நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷத்தைச் சாமுண்டீஸ்வரி ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"தெரியும்" என்றாள். "தியரியில வருது. நான் பாத்திருக்கேன்."

பாதி உண்மை. காகிதத்தில் பார்த்திருந்தாள். கையில் வாசித்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபிகூடப் போடாமல் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். கணக்கு அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. ஒரு கட்டையில் ஆரம்பித்து ஒன்றைவிட்டு ஒன்றாக ஏறினால் ஒன்று, மூன்று, ஐந்து. அது சாதாரண கார்டு. அதற்கு மேல் ஏழு. இன்னும் ஏறினால் ஒன்பது, பதினொன்று, பதிமூன்று. தரைத்தளத்தின் மேல் மாடிமாடியாகக் கட்டுவது போலத்தான். இரண்டு கையையும் விரித்து ஏழு சுரத்தையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பாலு எட்டிப் பார்த்தான். "இன்னா சாமு, வூட்ல எல்லா ஸ்விச்சையும் ஒரே நேரத்துல போட்டா மாதிரி கீது?"

"உங்களுக்குத் தெரியுமா? இது ஜாஸ்."

"சரிம்மா, ஜாஸு" என்று அவன் முகம் கழுவப் போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது சரி என்று அவளுக்கே தெரிந்தது. மெஹ்னாஸின் விரலில் கடற்கரைச் சாயங்காலமாக இருந்தது, இவள் விரலில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டாக இருந்தது. சுரம் அதே சுரம்தான்.

மறுநாள் முதல் அவள் மெஹ்னாஸைப் பார்க்க ஆரம்பித்தாள். நேராக அல்ல. தண்ணீர் குடிக்கப் போவது போல, சாக்பீஸ் எடுக்கப் போவது போல. மெஹ்னாஸ் வாசிக்கும்போது கையைப் பார்ப்பதே கிடையாது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வாசிப்பாள். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டில் எடுக்கிறவள் மாதிரி, கை தானாகப் போய் எடுத்து வரும். ஷார்ஜாவில் மேல்வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஹோட்டலில் பியானோ வாசிக்கிறவர், குடியிருந்தாராம். அவர் மனைவி பள்ளி விட்டதும் இவளைப் பார்த்துக்கொள்வாளாம். அங்கே உட்கார்ந்து கேட்டே கை வந்துவிட்டதாம். இதை அவள் சர்வசாதாரணமாகச் சொன்னபோது சாமுண்டீஸ்வரிக்குத் தன் வருஷங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. மின்வெட்டில் மெழுகுவர்த்தி வைத்து வாசித்தது, தேர்வுக்கு முந்தின நாள் காய்ச்சலோடு ஸ்கேல் என்ற சுரவரிசையை வாசித்தது. மெஹ்னாஸுக்கோ மேல்வீட்டிலிருந்து ஒழுகி வந்திருக்கிறது!

பியானோ அறைக் கதவுக்கு வெளியே அவள் நின்றது கற்றுக்கொள்ள மட்டுமல்ல. மெஹ்னாஸ் ஒரு சுரமாவது தப்பாக அடிக்க மாட்டாளா என்று காத்து நின்றாள். ஒரு நாள், பரீட்சைப் பாடம் ஒன்றை தாளில் இருக்கும் சுர எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போது மெஹ்னாஸ் தடுமாறினாள். எழுத்து வாசிப்பில் அவள் மந்தம். சாமுண்டீஸ்வரிக்கு அன்று ராத்திரி சாப்பாடு ருசித்தது. பாலுவுக்கு அப்பளம்கூடப் பொரித்துப் போட்டாள்.

கேம்ப் ரோடு பிரௌசிங் சென்டருக்குப் போய் இதைப் பற்றிய பக்கங்களை எல்லாம் தேடி அச்செடுத்தாள். சென்டர்காரர் தாளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே, "மேடம், கெமிஸ்ட்ரி டீச்சரா?" என்று கேட்டார். கார்டின் பெயர்கள் அப்படித்தான் இருந்தன, எழுத்தும் எண்ணும் கூட்டலுமாக. வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். சாதா மேஜர் கார்டில் பதினொன்றாம் சுரம் மூன்றாம் சுரத்தோடு மோதும், ஆகவே அதை அரைக்கட்டை உயர்த்த வேண்டும் என்று இருந்தது. உயர்த்தினாள்; மோதல் நின்று ஒரு மினுக்கம் வந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒரே துள்ளல். பன்னிரண்டு சுருதியிலும் அந்தக் கார்டுகளை எழுதி வைத்து, குளித்ததும் உட்கார்ந்து, தேர்வுக்குப் படிக்கிறவள் போல வாசித்தாள். சுண்டுவிரல் வீங்கியது. தைலம் தடவிக்கொண்டு வாசித்தாள். பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னால் போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மரப் பியானோவில் வாசித்துப் பார்த்தாள். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் சட்டென்று பரீட்சைப் பாடத்துக்குத் தாவிவிடுவாள்.

மூளைக்குள் எல்லாம் ஏறிவிட்டது. எந்தக் கார்டில் எது ஏழு, எது ஒன்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் வாசித்தால் மாடிவீட்டின் அத்தனை அறையிலும் ஆள் நிறைந்தாற் போல நெரிசலாகத்தான் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவதர்ஷினி வந்து அவள் முன்னால் நின்றாள். தேவதர்ஷினி நாவலூரில் வேலை பார்க்கும் பெண். சனிக்கிழமைகளில் ஸ்கூட்டியில் வந்து கற்றுக்கொள்வாள். சாமுண்டீஸ்வரிக்குப் பிடித்த மாணவி.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. நான் மெஹ்னாஸ் மிஸ் பேட்ச்சுக்கு மாறிக்கட்டுமா? எனக்கு எக்ஸாம் எல்லாம் வேணாம் மிஸ். அந்த மாதிரி ரிலாக்ஸா வாசிக்கணும்."

"தாராளமா மாறிக்கோ" என்று சாமுண்டீஸ்வரி சிரித்தாள். சிரிப்பு முடிந்து கன்னம் பழைய இடத்துக்கு வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

மறு வாரம் தோத்தாத்ரி சாரின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே, ரொம்ப அக்கறையாகப் பேசினாள்.

"சார், நான் ஒண்ணும் குறையா சொல்லல. மெஹ்னாஸ் பசங்களுக்கு சிலபஸே எடுக்கறதில்ல. அவங்களுக்கே எழுத்து சரியா வாசிக்க வரல. டிசம்பர்ல எக்ஸாம். ரிசல்ட் இறங்குச்சுன்னா பேரண்ட்ஸ் உங்களைத்தான் கேப்பாங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

தோத்தாத்ரி சார் பயந்த சுபாவம். அன்றே மெஹ்னாஸைக் கூப்பிட்டு, சிலபஸ் தவிர வேறெதுவும் வேண்டாம், ஜாஸ் கீஸ் எல்லாம் கூடாது, பியானோ அறையும் இனி பரீட்சைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். மெஹ்னாஸ் சண்டை போடவில்லை. அந்த மாதம் முடிகிற வரை கீபோர்டு அறையில் பாடம் எடுத்தாள். அப்புறம் மேடவாக்கத்தில் வீட்டிலேயே சொல்லித் தரப் போவதாகச் சொல்லி எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தேவதர்ஷினியும் அவளோடு போனாள். இன்னும் சிலரும் போனார்கள்.

பியானோ அறை மறுபடி சாமுண்டீஸ்வரிக்கே வந்தது. எதிரி போய்விட்டாள் என்ற நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்குமுன் மெஹ்னாஸ் என்ன வாசிக்கிறாள் என்றாவது தெரிந்தது. இப்போது மேடவாக்கத்தில் மூடின கதவுக்குப் பின்னால் அவள் என்னென்ன வாசிக்கிறாளோ என்று கற்பனை வேறு சேர்ந்துகொண்டது.

ஜனவரியில் பள்ளியின் ஆண்டு விழா, தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பிள்ளைகள் இருபது பேர் மேடையில் வரிசையாக நின்று "பஸ் வருது" மெட்டில் ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. வார்த்தை போட்டவர் தோத்தாத்ரி சார். பியானோ சாமுண்டீஸ்வரி. ஒத்திகையில் எப்போதும் போல மூன்று கார்டை வைத்துத்தான் வாசித்தாள். மண்டபத்தில் ஏறிப் பார்த்தபோது இரண்டாம் வரிசையில் தேவதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். சித்தி மகள் பாடுகிறாளாம். அவளைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரிக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இன்றைக்கு இவளுக்குக் காட்டிவிடுவது, எனக்கும் வரும் என்று.

காட்டினாள். ஒன்பது, பதினொன்று, பதிமூன்று, வீங்கின விரலால் எழுதிவைத்துப் படித்த அத்தனையும் வரிசையாக இறங்கின. பிள்ளைகள் முதல் வரியைப் பாடிவிட்டார்கள். இரண்டாம் வரியில் சுருதிக்காகப் பியானோவைக் கேட்டார்கள். அங்கே ஏழு சுரம் ஒரே நேரத்தில் கேட்டது; எதைப் பிடிப்பது? முன்வரிசை ஒன்றைப் பிடித்தது, பின்வரிசை இன்னொன்றைப் பிடித்தது. ஓரத்தில் நின்ற சின்னவள் பாட்டை விட்டுவிட்டு அம்மாவைத் தேடினாள். சாமுண்டீஸ்வரி மூன்று கார்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை, இன்னும் அழுத்தி வாசித்தாள். பாட்டு நடுவிலேயே நின்றுபோனது. தோத்தாத்ரி சார் அவசர அவசரமாக மேடைக்கு வந்து, அது அங்கேதான் முடிகிற பாட்டு என்பது போலக் கைதட்டினார். மண்டபமும் இரக்கப்பட்டுத் தட்டியது.

படியிறங்கும்போது ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது: "அந்த மெஹ்னாஸ் மிஸ் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது."

பாலு வண்டியை எடுத்தான். வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் சொன்னான்.

"மழை நல்லதுதான் சாமு. ஆனா ஒரேயடியா கொட்டிட்ட. பசங்க நனைஞ்சு பூட்டாங்க."

அவள் அழுதாள். அவன் அவளை அழவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "கடையில டைல்ஸ் விக்க ஆரம்பிச்சப்போ எனக்கு இன்னா தெரியும்? பல்லாவரத்துல இருக்கறவன்கிட்ட போய் நின்னு கேட்டேன். அவன் என்னோட போட்டிக்காரன். கேக்கறதுல இன்னா கொறஞ்சு போச்சு?" என்றான்.

"டைல்ஸும் இதுவும் ஒண்ணா?"

"தெரியல. நீதான் சொல்லணும்."

ஒரு புதன்கிழமை காலை அவள் மேடவாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். ராஜகீழ்ப்பாக்கம் வரும்போது இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். செம்பாக்கம் ஏரி வந்தபோது மறுபடி நினைத்தாள். குடியிருப்பு வாசலில் தண்ணீர் லாரி ஒன்று குழாயை நீட்டிக்கொண்டு வழியை அடைத்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போய் மாடியேறி மணி அடித்தாள்.

மெஹ்னாஸ் கதவைத் திறந்தாள். முகத்தில் ஆச்சரியம் வந்தது, அப்புறம் அது போனது. "வாங்க அக்கா" என்றாள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சார் சொன்னாரு" என்றாள் மெஹ்னாஸ். "நீங்கதான் கம்ப்ளெயின்ட் பண்ணீங்கன்னு."

சாமுண்டீஸ்வரி கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினாள். "தெரிஞ்சுமா கதவைத் திறந்த?"

"கோபம் இருந்துச்சு. வாஜித்கிட்ட சொல்லித் திட்டித் தீத்துட்டேன். அப்புறம் என்ன பண்றது அக்கா, இந்த பில்டிங் முழுக்கத் தண்ணி லாரி எப்ப வரும்னுதான் பேசறாங்க. பியானோவைப் பத்தி ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல."

சாமுண்டீஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு அந்தக் கார்டு வரல மெஹ்னாஸ். எல்லாம் தெரியுது, வரல."

"வாசிங்க, கேக்கறேன்" என்று மெஹ்னாஸ் கூடத்து மூலையிலிருந்த தன் பியானோவைக் காட்டினாள்.

வாசித்தாள். மெஹ்னாஸ் சிரிக்கவில்லை. "லெஃப்ட் ஹேண்டை மடியில வெச்சுக்கோங்க" என்றாள்.

"ஒரு கையிலயா?"

"மூணு விரல். எஃப் கட்டை, அதுக்கு மேல சி, அதுக்கு மேல ஈ. அவ்வளவுதான். இது டி மைனர் நைன்த்."

"இதுல டி-யே இல்லையே!"

"வேணாம். பேஸ் கிடார் இருந்தா அவங்க வாசிப்பாங்க. யாரும் இல்லன்னா கேக்கறவங்க காது தானா போட்டுக்கும். அஞ்சாவது சுரமும் வேணாம், அது சும்மா இடத்தை அடைக்கும். மூணும் ஏழும் இருந்தா என்ன கார்டுன்னு தெரிஞ்சுடும். மேல ஒரு சுரம் கலருக்கு. இப்ப நடுவில இருக்கற சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்க. மத்த ரெண்டு விரலும் அங்கேயே இருக்கட்டும்."

இறக்கினாள். பக்கத்துக் கட்டைக்கு ஒரே ஒரு விரல் நகர்ந்தது. அறையின் வெளிச்சமே திரும்பினாற் போல இருந்தது.

"இதுதான் ஜி தர்ட்டீன்த். இப்ப பி இருக்கட்டும். எஃப்பை ஈ-க்கு, மேல இருக்கற ஈ-யை டி-க்கு இறக்குங்க. பாட்டு வீட்டுக்கு வந்தாச்சு."

அதே கடற்கரை. அதே விளக்கு போடுகிற நேரம். அவள் படியில் நின்று கேட்டது இதுதான். இவ்வளவுதான்.

இவ்வளவுதானா என்று தெரிந்ததும் பொறாமை தணிந்திருக்க வேண்டும். கூடியது. அது மலை போல இருந்திருந்தால், ஏற முடியாததற்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அரைக்கட்டை தூரம்! அதை மெஹ்னாஸ் சின்ன வயதிலேயே யாரோ வீட்டில் சிப்ஸ் தின்றுகொண்டே எடுத்துக்கொண்டுவிட்டாள். "நீ எதை விடணும்னு எப்படிக் கண்டுபிடிக்கற?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

"தெரியல அக்கா. போதும்னு தோணும், விட்டுடுவேன்."

போதும் என்று சாமுண்டீஸ்வரிக்கு வாழ்க்கையில் தோன்றியதே இல்லை.

அதன்பிறகு புதன்கிழமைதோறும் மேடவாக்கம் போனாள். இரண்டு வருஷத்துக்கு மேல் போனாள். இருவரும் தோழிகளாகிவிட்டார்கள் என்று ஊர் நினைத்தது. ஒரு வகையில் உண்மைதான்; ஈத் அன்று பிரியாணி வந்தது, பொங்கலுக்குக் கரும்பு போனது. ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தச் சோபாவில் உட்கார்ந்து மெஹ்னாஸ் வாசிப்பதைக் கேட்கும்போது, வயிற்றில் அந்தச் சின்ன அடுப்பு மூட்டப்பட்டுவிடும். அதை அணைக்க அவள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அதன் மேலேயே சமைக்கக் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கைப்பையின் மேல் விரலைத் தட்டிக்கொண்டே வருவாள், மறு வாரம் மெஹ்னாஸை ஒரு இடத்திலாவது திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்று. சுண்டுவிரல் வீக்கம் தானாக வடிந்தது. ஏழு சுரத்தை அழுத்துகிறவளுக்குத்தான் வீங்கும், மூன்றை அழுத்துகிறவளுக்கு ஏன் வீங்கப் போகிறது?

மெஹ்னாஸுக்குப் பயிற்சி என்பதே பிடிக்காது. பிடித்த நான்கு சுருதியிலேயே சுற்றிச் சுற்றி வாசிப்பாள். சாமுண்டீஸ்வரியோ அந்த மூன்று விரல் வித்தையைப் பன்னிரண்டு சுருதியிலும் ஏற்றி இறக்கி வைத்திருந்தாள். ஒரு பாட்டுக்காரர் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் கை போய்விடும். அதை மெஹ்னாஸ் கவனித்து, "அக்கா, நீங்க மெஷின்!" என்று சொன்னாள். பாராட்டுத்தான். இவளுக்கு அது மூன்று நாள் குத்திக்கொண்டிருந்தது.

2008-ல், ஓஎம்ஆர் சாலையில் புதிதாக வந்த ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியம் பியானோ வாசிக்க மெஹ்னாஸைக் கூப்பிட்டார்கள். "ஞாயித்துக்கிழமைதான் எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற நாள்" என்று அவள் மறுத்துவிட்டாள். மறுத்ததோடு நிற்காமல் சாமுண்டீஸ்வரியின் பெயரைச் சொல்லிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சாமுண்டீஸ்வரி அதைப் பாலுவிடம் சொன்னபோது, "அவ வேணாம்னு தள்ளி வெச்ச தட்டு எனக்கு வருது" என்றுதான் சொன்னாள்.

"தட்டுல சோறு இருக்குதில்ல?" என்றான் பாலு. "சாப்புடு."

போனாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பெரிய கறுப்புப் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு அழுதார்கள், கரண்டிகள் சத்தம் போட்டன. அது அவளுக்கு எதிர்பாராத விடுதலையாக இருந்தது. யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லாத இடத்தில், முதன்முறையாக, ஒரு சுரத்தை வாசிக்காமல் விட்டாள். போதும் என்று தோன்றித்தான் விட்டாள்.

அடுத்த வருஷம் வாஜித்துக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்று சாமுண்டீஸ்வரி போய் உதவினாள். பியானோவைப் போர்வை சுற்றி இறக்கும்போது மெஹ்னாஸ் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இவளும் அழுதாள். திரும்பி வரும் பஸ்ஸில், இனி தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை என்னைவிட நன்றாக வாசிக்க ஆளில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தித்திக்கும் என்று நினைத்தாள். சப்பென்று இருந்தது. புதன்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுத் திரைகளை எல்லாம் துவைத்துப் போட்டாள். விரலும் மந்தமாகிவிட்டது.

"வயிறு எரியறதுக்கு ஆள் இல்லாம பூட்டுதா?" என்று பாலு கேட்டான். அவனுக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று யோசித்துக்கொண்டே அவள் துவைத்த திரைகளை மடித்தாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, வாசித்து முடித்தும் மழை விடாததால் அவள் ஹோட்டல் லாபியிலேயே காத்திருந்தாள். சாயங்கால வேளைக்கு லாசரஸ் என்று ஒருவரைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பெரம்பூர்க்காரர், பல வருஷம் கப்பலில் வாசித்தவர். அவர் வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். எதையோ சாதாரணமாக ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் ஒரு கார்டு வந்தது. அது ஒன்பதுமில்லை, பதிமூன்றுமில்லை. அவள் தலைக்குள் அத்தனை பக்கத்தையும் புரட்டியும் அதற்குப் பெயர் கிடைக்கவில்லை. வயிற்றில் அடுப்பு குப்பென்று பிடித்தது. அப்பாடா என்றுகூட இருந்தது அவளுக்கு.

வெளியே பாலு வண்டியோடு வந்து ஹாரன் அடித்தான். சாமுண்டீஸ்வரி எழுந்து, வாசலுக்குப் போகாமல், பியானோ பக்கம் போய் நின்றாள்.

"சார், ரெண்டாவது அடியில ஒண்ணு வாசிச்சீங்களே, அது எனக்குத் தெரியல. காட்டறீங்களா?"

லாசரஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு இருக்கையில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

அவள் வெளியே வந்தபோது மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. பாலு வண்டியைக் கிளப்பினான். சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நின்றபோது, அவன் முதுகில் மூன்று விரலால் தட்டிக்கொண்டே வந்த சாமுண்டீஸ்வரி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாசமாப் போக, என்னமா வாசிக்கறாரு அந்த ஆளு!"